ஷெற்லாந்துத் தீவுகளின் கைப்பின்னற் கைத்தொழில்: ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் உடுத்த உடையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நெசவுக்கே முதன்மை வழங்கியுள்ளனர். நெசவுக்குத் தறி வேண்டும். தறிக்கு இடம் வேண்டும். தறியாளர் கூடிய இடத்திலே சங்கங்களும் சட்டங்களும் வரிப்பதிவுகளும் தோன்றின. ஆகவே நெசவின் வரலாற்றுக்கு ஆவணங்கள் மிகுதி. பின்னலோ அத்தகையதன்று. இரண்டு ஊசிகளும் ஓர் இழை நூலுமே அதன் கருவிகள். அடுப்படியிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடைவழியிலும் அது செய்யப்பட்டது. செய்தோருட் பெரும்பாலார் பெண்கள். வேறு வேலைகளுக்கிடையே, ‘ஓய்வு நேரத்தில்’ செய்யப்படும் சிறுதொழில் எனவே அது மதிக்கப்பட்டது. இம்மதிப்பீடு எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பதையும், அம்மதிப்பீட்டினால் இலாபமடைந்தோர் யாவர் என்பதையும் ஆராய்வதற்கு ஸ்கொற்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெற்லாந்துத் தீவுகளின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். பல நிறப் பட்டிகளைக் கொண்ட கம்பளிப் பின்னலாடைகளால் இத்தீவுகள் உலகப் புகழ் பெற்றவை. அப்பட்டிகளைப் பின்னிய கைகளின் வரலாறோ அவ்வளவாக அறியப்படவில்லை.

பின்னலின் தோற்றம்

நெசவிலே நெடுக்கு நூலும் குறுக்கு நூலும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்கின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணிகளாக வளைந்து, ஒவ்வொரு கண்ணியும் முந்திய வரிசையின் கண்ணியினூடாக இழுக்கப்படுகின்றது. நெய்த துணி நீளாது. பின்னிய துணி உடலின் வளைவுக்கேற்ப நீண்டு சுருங்கும். காலுறை, கையுறை, தொப்பி, கழுத்தைச் சுற்றி அணியும் குழாய் வடிவான உறை ஆகியவற்றுக்குப் பின்னலே ஏற்றதாயிருப்பதன் காரணம் இதுவே.

எகிப்திலுள்ள அந்தினோபொலிஸ் என்னும் பழைய நகரின் குப்பைமேட்டிலே 1913-14ஆம் ஆண்டு அகழ்வின்போது கண்டெடுக்கப்பட்ட குழந்தையொன்றின் இடக்கால் உறை பிரித்தானிய நூதனசாலையிலே பாதுகாக்கப்படுகின்றது. ஏறத்தாழ கி.பி. 300ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்காலுறை முழுவதும் நிறப்பட்டிகளாலானது. 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அதிலுள்ள பல நிறங்களும் செம்மஞ்சிட்டி இனத்து வேர், நீலந்தரும் வோட் செடி, மஞ்சள் தரும் வெல்ட் செடி ஆகிய மூன்று சாயங்களைக் கொண்டே பெறப்பட்டவை எனக் காட்டிற்று. எனினும் அது ஒற்றை ஊசியாற் குட்டையான நூல்களை முடிந்து செல்லும் பழைய முறையிலே ஆக்கப்பட்டது. இன்று நாம் அறிந்த பின்னலன்று. இரு ஊசிப் பின்னலின் மிகப் பழைய சான்றுகளும் எகிப்திலேயே கிடைத்துள்ளன. இசுலாமிய ஆட்சிக்காலத்தைச் சேர்ந்த, நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள் அவற்றுட் குறிப்பிடத்தக்கவை. 1275இல் இறந்த ஸ்பானிய இளவரசன் பெர்னாண்டோ டி லா சேர்டாவின் கல்லறையிலிருந்து பெறப்பட்ட பட்டுப் பின்னல் தலையணையுறை, இக்கலை இசுலாமிய உலகினூடாக ஐரோப்பாவை அடைந்தது என்னுங் கருத்துக்கு வலுவூட்டுகின்றது. 16ஆம் நூற்றாண்டளவில் இங்கிலாந்திலே தொப்பிகளும் காலுறைகளும் பின்னுதல் ஏழை மக்களின் முக்கிய பிழைப்பாகிவிட்டது.

1589இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகமொன்றை உருவாக்கினார். உடைத் துறையிலே தோன்றிய மிகப் பழைய பொறிகளுள் இதுவும் ஒன்று. அடுத்த இரு நூற்றாண்டுகளில் அது இங்கிலாந்தின் மத்திய மாவட்டங்களிலே பெருகியது. ஆயின் ஒரு வினா எழுகின்றது. பொறி தோன்றிய பின்னரும், கைத்தொழிற் புரட்சி நடந்தேறிய பின்னரும், பிரித்தானியாவின் வடகோடித் தீவுகளிலே கைப்பின்னல் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது எவ்வாறு?

தீவும் மக்களும்

ஷெற்லாந்து, ஸ்கொற்லாந்துக்கும் நோர்வேக்கும் இடையே, 60 பாகை வட அகலக்கோட்டிலே அமைந்த ஏறத்தாழ நூறு தீவுகளின் தொகுதியாகும். அவற்றுட் சிலவற்றிலேயே மக்கள் வாழ்கின்றனர். நோர்வேயின் ஆளுகைக்குட்பட்டிருந்த இத்தீவுகள் 1469இல், டென்மார்க்கு-நோர்வே மன்னன் முதலாம் கிறிஸ்தியானின் மகள் மார்கிரெற், ஸ்கொற்லாந்து மன்னன் மூன்றாம் ஜேம்ஸுக்கு வாழ்க்கைப்பட்டபோது, சீதனப் பணத்துக்கு ஈடாக வைக்கப்பட்டன. ஈடு மீட்கப்படவேயில்லை. மக்கள் பேசிய நோர்ன் மொழி 18ஆம் நூற்றாண்டளவில் வழக்கொழிந்தது. ஆயினும் ஆட்டின் நிறங்களுக்கும் பின்னற் கருவிகளுக்கும் வழங்கிய சொற்கள் பல இன்றும் அம்மொழியின் எச்சங்களாக வாழ்கின்றன.

மண் வளங் குன்றியது, காற்று ஓயாதது, மரங்கள் அரிது. சிறிய உடலையுடைய உள்நாட்டு ஆடு ஒன்றே அந்நிலத்துக்கு ஏற்றதாயிருந்தது. அதன் மயிர் மிக மென்மையானது. கோடையிலே தானாகவே கழலும் இயல்பினது. ஆகையால் அதனைக் கத்தரியாது கையாற் பறித்தெடுக்கும் வழக்கம் நிலவியது. வெள்ளை, சாம்பல், கபிலம், கருமை எனச் சாயமிடாமலே பல நிறங்களை அவ்வாடுகள் தந்தன.

ஆண்கள் கடலோடிகள். நிலம் சொற்பமான நிலவுடைமையாளருக்கே உரியதாயிருந்தது. குடியானவன் தன் வாடகைக் காணியிலே தொடர்ந்திருக்க வேண்டுமாயின், தான் பிடிக்கும் மீனை அவ்வுடைமையாளருக்கோ அவரிடம் குத்தகை பெற்ற வணிகருக்கோ கொடுத்தல் வேண்டும். ஆறு துடுப்புகளையுடைய திறந்த படகுகளிலே கரையிலிருந்து நெடுந்தூரஞ் சென்று மீன்பிடித்தனர். 1832 யூலையில் எழுந்த புயலிலே 105 பேரும், 1881 யூலையில் எழுந்த புயலிலே 58 பேரும் மாண்டனர். கடலிலே இறந்தோராலும், திமிங்கில வேட்டைக்கும் கப்பற்றொழிலுக்கும் சென்றோராலும், தீவுகளில் ஆண்களிலும் பார்க்கப் பெண்களின் தொகை வெகுவாக மிகுந்திருந்தது. நிலத்தைக் கொத்தியவர்களும், எரிபொருளாகும் முற்றாநிலக்கரியை வெட்டிச் சுமந்தவர்களும், பசுவைப் பேணியவர்களும் பெண்களே. முதுகிலே கூடை நிறையச் சுமையுடன் நடக்கும்போதும் அவர்களுடைய கைகள் பின்னிக்கொண்டிருந்தன. இடையிலே கட்டிய தோற்பட்டையில் மயிரடைத்த துளையுள்ள மெத்தையொன்று இருக்கும். ஓர் ஊசியின் முனையை அதிற் செருகிவிட்டால் ஊசி நிலைபெறும். வலக்கை விரைந்து இயங்கும். இக்கருவியே நடந்துகொண்டு பின்னுவதைச் சாத்தியமாக்கியது. இதனைப் பார்த்த பயணிகள் பலர் தீவுப் பெண்களின் சுறுசுறுப்பை வியந்து எழுதினர். அச்சுறுசுறுப்பின் பின்னாலிருந்த தேவையை எழுதியோர் சிலரே.

17ஆம் நூற்றாண்டிலே ஒவ்வோராண்டும் யூன் மாதத்தில் ஒல்லாந்தரின் ஹெரிங் மீன்பிடிக் கப்பல்கள் பிறெசே நீரிணையிற் கூடின. அவர்களுக்குப் பெண்கள் காலுறைகளும் கையுறைகளும் விற்றனர்; பதிலாகக் காசும் பண்டங்களும் பெற்றனர். அவ்வணிகத்தைச் சுற்றியே இன்றைய தலைநகரமாகிய லேர்விக் வளர்ந்தது. ஒரு நகரின் தோற்றத்திலே மீனுக்குரிய பங்கைக் கூறும் வரலாறு காலுறைக்குரிய பங்கையும் கூறுதல் வேண்டும்.

நிறப்பட்டிகளின் மூலம்

ஷெற்லாந்துக்கும் ஓர்க்னிக்கும் நடுவே தனித்துக் கிடக்கும் ஃபேர் ஐல் என்னும் சிறு தீவின் பெயராலேயே நிறப்பட்டிப் பின்னல் உலகெங்கும் அறியப்படுகின்றது. இதன் தோற்றம் பற்றி வழங்கும் கதையொன்றுண்டு. 1588இல் இங்கிலாந்தை வெல்ல வந்த ஸ்பானியப் பெருங்கப்பற்படையைச் சேர்ந்த ‘எல் கிறான் கிறிபோன்’ என்னும் கப்பல் இத்தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. ஏறத்தாழ 300 பேர் சில கிழமைகள் தீவிலே தங்கினர். அவர்களுட் பலர் பட்டினியாலும் நோயாலும் இறந்தனர். இவை வரலாற்று உண்மைகள். தீவுப் பெண்கள் இந்த ஸ்பானியரிடமிருந்தே வண்ணக் கோலங்களைக் கற்றனர் என்பது இவற்றோடு ஒட்டவைக்கப்பட்ட கதை.

அக்கதைக்கு அக்காலச் சான்று எதுவுமில்லை. பின்னலாடைகளுக்குச் சந்தை பெருகிய 19ஆம் நூற்றாண்டிலேயே அது பரவியது. இத்தகைய கோலங்கள் பால்ற்றிக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும் ஸ்கண்டிநேவியாவிலும் காணப்படுகின்றன. அந்நாடுகளுடன் தீவுகளுக்கு நெடுங்காலக் கடல்வழித் தொடர்பிருந்தது. பட்டினியால் வாடிய போர்வீரர் சில கிழமைகளிலே ஒரு கலையைக் கற்பித்தனர் என்பதிலும், பல தலைமுறைப் பெண்கள் தாம் கண்டவற்றை ஏற்றும் மாற்றியும் அதனை ஆக்கினர் என்பதே பொருத்தமுடையது. ஆயினும் விற்பனையாளருக்கு ஸ்பானியர் கதையே உகந்ததாயிற்று. உள்ளூர்ப் பெண்ணின் அறிவிலும் பார்க்கக் கப்பலுடைந்த அந்நியனின் மர்மம் கூடிய விலை பெற்றது போலும்.

தொல்பொருட் சான்றொன்று இங்கு கவனத்துக்குரியது. 1951இல் கனிஸ்ரர் என்னுமிடத்திலே முற்றாநிலக்கரி வெட்டியோர் மனிதன் ஒருவனின் புதைகுழியைக் கண்டனர். உடல் பெரும்பாலும் அழிந்துவிட்டது. சேற்றுநிலத்தின் தன்மையாற் கம்பளி உடைகள் மட்டும் அழியாது நின்றன. அவனுடைய பணப்பையிலிருந்த நாணயங்களுட் பிந்தியது 1690ஆம் ஆண்டுக்குரியது. அப்பை சாம்பல் நிறக் கம்பளியிலே பின்னப்பட்டுச் சிவப்பும் வெள்ளையுமான கோலப்பட்டிகளைக் கொண்டிருந்தது. ஷெற்லாந்தில் இதுகாறும் கிடைத்த பலநிறப் பின்னலுள் மிகப் பழையது இதுவே.

இப்பின்னலின் தொழில்நுட்பமும் நோக்கத்தக்கது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு அது எண்ணற்ற நிறங்களின் கலவையாகத் தோன்றும். ஆயின் எந்த ஒரு வரிசையிலும் இரண்டு நிறங்களுக்கு மேற் பயன்படுத்தப்படுவதில்லை. ஒரு நூல் கண்ணியாகும்போது மற்றது துணியின் உட்புறமாக ஓடும். இதனால் துணி இரட்டைத் தடிப்புடையதாகிக் குளிரைத் தடுக்கும். சில வரிசைகளுக்கொருமுறை பின்னணி நிறமோ கோலத்தின் நிறமோ மாற்றப்படுவதால் பட்டிகள் தோன்றுகின்றன. ஆடை வட்டமாகப் பின்னப்படுகின்றது. தொப்பியும் கழுத்துறையும் மேற்சட்டையின் உடலும் ஒரே குழாயின் வெவ்வேறு அளவுகளே. கோலங்களைப் பெண்கள் மனத்திலேயே வைத்திருந்தனர். கண்ணிகளின் தொகை கோலத்தால் மீதியின்றி வகுபட வேண்டுமென்னும் கணக்கையும் மனத்தாலேயே செய்தனர். நீலத்துக்கு அவுரியும் சிவப்புக்குச் செம்மஞ்சிட்டி இனத்து வேரும் வெளியிலிருந்து வந்தன. வேறு நிறங்கள் உள்ளூர்ச் செடிகளிலிருந்தும் பாறையிற் படரும் லைக்கன்களிலிருந்தும் பெறப்பட்டன. எழுத்தறிவு இல்லாமையை அறிவின்மை எனக் கொள்வோர் இத்தொழிலை உற்றுநோக்குதல் நன்று.

பண்டக்கூலி முறை

பொறியிற் பின்னிய மலிவான காலுறைகள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பழைய சந்தையைக் கவர்ந்தன. தீவுகள் புதிய பண்டமொன்றை நாட வேண்டியதாயிற்று. அப்பண்டமே ரேந்தைச் சால்வை. குறிப்பாக அன்ஸ்ற் தீவின் பெண்கள் மிக நுண்ணிய நூலை நூற்று, ஆறடிச் சதுரமான சால்வையும் ஒரு திருமண மோதிரத்தினூடாக இழுக்கக்கூடியதாயிருக்கும் வண்ணம் பின்னினர். லேர்விக்கிற் பிறந்தவரும், பிற்காலத்திலே காலிக்கும் கொழும்புக்கும் கப்பல்களைச் செலுத்திய பெனின்சுலர் அன்ட் ஓரியன்ரல் கம்பனியின் தாபகர்களுள் ஒருவருமான ஆதர் அண்டர்சன், தீவின் நுண்பின்னல்களை விக்ரோறியா மகாராணிக்கு அளித்து அவற்றை இலண்டன் மேட்டுக்குடியினரிடையே பிரபலமாக்கினார். 1851ஆம் ஆண்டின் மாபெருங் கண்காட்சியிலும் ஷெற்லாந்துச் சால்வைகள் வைக்கப்பட்டன.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. கூலியை நாணயமாக வழங்காது பண்டமாக வழங்கும் ‘ட்ரக்’ முறை பிரித்தானியாவின் பல தொழில்களுக்கு 1831ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டிருந்தது. ஷெற்லாந்துப் பெண்களுக்கு அச்சட்டம் துணைசெய்யவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் தொழிலாளரல்லர். தம் பொருளை விற்கும் விற்பனையாளர். சால்வையைக் கடைக்குக் கொண்டுசென்ற பெண்ணுக்கு வணிகர் கொடுத்தவை தேயிலையும் துணியும் அலங்காரப் பொருட்களுமே. உடனடியாக எதுவும் வேண்டாதவளுக்கு, அதே கடையிற் பின்னர் பண்டம் பெறக்கூடிய சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது. பணமாகக் கேட்பின் விலை குறைக்கப்படும், அல்லது மறுக்கப்படும்.

இம்முறையின் கொடுமை அதன் உட்கணக்கிலேயே உள்ளது. வணிகர் இருமுறை இலாபம் பெற்றார்: சால்வையை வெளியூரில் விற்றபோது ஒருமுறை, அதற்கீடாகக் கொடுத்த தேயிலைக்கும் துணிக்கும் விலை வைத்தபோது மற்றொருமுறை. பெண்ணுக்கோ மாவும் உருளைக்கிழங்கும் வாடகைப் பணமும் தேவைப்பட்டன. இவற்றைப் பின்னலாடை வணிகர் கொடுப்பதில்லை. ஆகவே பெற்ற தேயிலையையும் துணியையும் அயலாரிடம் குறைந்த விலைக்குக் கொடுத்து உணவாக மாற்றினாள். அடுத்த சால்வைக்கு வேண்டிய நல்ல நூலையோ பணங் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. பின்னலாற் பணம் கிடையாது. பணமின்றிப் பின்னுதற்கு நூல் கிடையாது. இந்நிலையிற் பலர் வணிகரின் நூலைப் பெற்று வணிகருக்கே பின்னும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். நன்றாக உடுத்தியும் பசித்தும் இருந்த பெண்கள் என்னும் முரண்பாடு இவ்வாறே தோன்றியது. அதனை ஆடம்பர ஆசை எனக் குறைகூறிய கனவான்கள், உணவுக்குப் பதிலாகத் துணியே கூலியாகக் கொடுக்கப்பட்டமையைக் கருத்திற் கொள்ளவில்லை.

1872ஆம் ஆண்டின் விசாரணை

இம்முறை பற்றிய முறைப்பாடுகள் வலுத்தமையால், 1872இன் தொடக்கத்தில் வில்லியம் கத்றி என்னும் சட்டவறிஞர் ஆணையாளராகத் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். வணிகர், மீனவர், மதகுருமார் ஆகியோருடன் பின்னற்பெண்கள் பலரும் அவர் முன்னிலையிற் சாட்சியமளித்தனர். வினாவும் விடையுமாக அச்சிடப்பட்ட அச்சாட்சியங்கள், 19ஆம் நூற்றாண்டின் ஏழைப் பெண்கள் தம் பொருளாதார நிலையைத் தம் வாயாலேயே விளக்கிய அரிய ஆவணங்களுள் ஒன்றாகும். எந்தச் சால்வைக்கு எவ்வளவு நூல் சென்றது, எத்தனை நாள் பிடித்தது, பெற்ற தேயிலையை யாரிடம் என்ன விலைக்கு மாற்றினர் என்பவற்றை அவர்கள் தெளிவாகக் கூறினர். கணக்கறியாத பேதையரல்லர் அவர்கள். கணக்கை நன்கறிந்தும் மாற்றுவழி அற்றவர்கள்.

வணிகரின் வாதத்தையும் புறக்கணித்தல் தகாது. தொலைவான சந்தை, நீண்டகாலக் கடன், விற்பனையாகாது தேங்கும் சரக்கு ஆகியவற்றின் இடரைத் தாமே சுமந்ததாக அவர்கள் கூறினர். பணமாகக் கொடுக்க நேரின் விலையைக் குறைக்க வேண்டிவரும் என்றனர். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் பணவிலையும் பண்டவிலையும் வேறுபட்டன என்னும் அக்கூற்றே, பண்டத்தின் விலை உண்மை விலையன்று என்பதை ஒப்புக்கொள்வதாகும்.

விசாரணையின் பயன் உடனே கிட்டவில்லை. 1887ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமே, வீட்டிலிருந்து கம்பளிப் பொருட்களைப் பின்னி விற்போரைத் தொழிலாளராகவும் வாங்கும் வணிகரைத் தொழில்தருநராகவும் கருதிப் பண்டக்கூலியைத் தடைசெய்தது. அதற்கு முந்திய ஆண்டில் நிறைவேறிய குடியானவர் காணிச் சட்டம் நிலத்தின்மீது உறுதியான உரிமை வழங்கியது. சட்டத்தாள் வந்தவுடன் வழக்கம் மறைந்துவிடவில்லை; ஊருக்கு ஒரு கடையே உள்ள இடத்திலே வணிகருக்கு எதிராக முறையிடத் துணிந்தோர் சிலரே. எனினும், விற்பவள் என ஒதுக்கப்பட்ட பெண் உழைப்பவள் எனச் சட்டத்தால் ஏற்கப்பட்டமை ஒரு திருப்பமேயாகும்.

அரசிளங்குமாரனின் ஆடையும் அதன் பின்னரும்

1922இல் வேல்ஸ் இளவரசர் எட்வேட், செயின்ற் அன்று‌றூஸ் கொல்ப் கழகத்தின் தலைவராகப் பதவியேற்ற வேளை ஃபேர் ஐல் மேற்சட்டையை அணிந்து தோன்றினார். மீனவனின் உடை ஒரே நாளில் நாகரிக உடையாயிற்று. வண்ணப்பட்டிகளுக்கான தேவை பெருகியது. பெண்களின் வருமானமும் ஓரளவு உயர்ந்தது. ஆயின் புகழ் பெற்ற கோலத்தை யாரும் எங்கும் பொறியிற் பின்னலாம். ‘ஃபேர் ஐல்’ என்பது ஓர் இடத்தின் பெயராயிருந்து ஒரு பாணியின் பெயராக மாறியது. அப்பெயரால் விளைந்த செல்வத்தின் பெரும்பங்கு தீவை அடையவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கையால் இயக்கும் பின்னற்பொறிகள் வீடுகளை அடைந்தன. உடற்பகுதியைப் பொறியிலும் தோட்பகுதியின் வண்ண வட்டத்தைக் கையிலும் பின்னும் முறை பரவியது. 1970களிலே வடகடலில் எண்ணெய் எடுக்கும் முயற்சி தீவுகளை மாற்றியமைத்தது. 1978இல் சலம்வோ நிலையத்துக்கு முதலாவது எண்ணெய் வந்து சேர்ந்தது. எண்ணெய்த் தொழிலும் அதனைச் சார்ந்த அலுவலகங்களும் உணவுச்சாலைகளும் மணித்தியாலக் கூலியைப் பணமாகக் கொடுத்தன. பெண்கள் பெருந்தொகையாக ஊசியைக் கீழே வைத்தனர். பாரம்பரியக் கலை அழிகின்றதென வருந்தியோர் பலர். ஆனால் இந்நிகழ்வே முன்னர் எழுப்பிய வினாவுக்கு விடையளிக்கின்றது. கைப்பின்னல் பொறியை எதிர்த்து நின்றது அதன் அழகினால் மட்டுமன்று. பின்னியவளுக்கு வேறு வேலை இல்லாமையாலும், அவளுடைய நேரத்துக்கு விலை வைக்கப்படாமையாலுமே அது நின்றது. நேரத்துக்கு விலை கிடைத்த நாளிலே அக்கைத்தொழிலின் அடித்தளம் பெயர்ந்தது.

முடிவுரை

ஷெற்லாந்தின் வரலாறு இரு எளிய முடிவுகளுக்கும் இடந்தரவில்லை. கைப்பின்னல் வெறும் சுரண்டலின் கருவியே எனக் கூறுதல் பொருந்தாது. கடல் ஆண்களைக் கொண்டுபோன வீடுகளிலே அதுவே அடுப்பை எரியவைத்தது. பெண்களுக்குத் தனிக்கணக்கும் தனித்திறனும் தமக்குள்ளே மதிப்பும் அளித்தது. மறுபுறம், அது தீவுமக்களின் இயல்பான கலையுணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமே எனப் போற்றுதலும் பொருந்தாது. அவ்வாறு போற்றுவோர் சீட்டையும் தேயிலைப் பொட்டலத்தையும் மறந்துவிடுகின்றனர்.

இன்று ஷெற்லாந்திலே பின்னுவோர் பெரும்பாலும் விருப்பினாற் பின்னுகின்றனர். 2010ஆம் ஆண்டு தொடங்கிய கம்பளி வாரவிழாவுக்குப் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். பழைய கோலங்கள் கற்பிக்கப்படுகின்றன. இம்மறுமலர்ச்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு வண்ணப்பட்டி மேற்சட்டையைக் கையாற் பின்னி முடிக்கச் செலவாகும் பல பத்து மணித்தியாலங்களுக்கு வாங்குவோர் கொடுக்கும் விலை நியாயமான கூலியாகுமா என்னும் வினா 1872இல் இருந்தது போலவே இருக்கின்றது.

கைவினைப் பொருளொன்றை ஆராயும் வரலாற்று மாணவன் அதன் கோலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அதற்குரிய நூலை யார் கொடுத்தார், விலையை யார் தீர்மானித்தார், கூலி எவ்வுருவிற் கொடுக்கப்பட்டது என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். கனிஸ்ரர்ப் புதைகுழியிலே கிடந்த பணப்பையின் நாணயங்கள் எந்நாட்டவை, எவ்வாண்டவை என்பன நன்கு அறியப்பட்டுள்ளன. அப்பையின் சிவப்பு வெள்ளைப் பட்டிகளைப் பின்னியவரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. அப்பதிவின்மையும் வரலாற்றுச் சான்றாகவே கொள்ளப்பட வேண்டும்.